கோழி விலையும் அரசாங்கக் கொள்கையும்

சம்பள நாளில் நாம் வாங்கும் கோழி பெரும்பாலும் நம் நாட்டுப் பண்ணையில் வளர்ந்ததே. அப்படியிருக்க, வெளிநாட்டுச் சந்தைக்கேற்ப அதன் விலை ஏறி இறங்குவது ஏன்? பால்மரம் சீவும் நமக்கு இது புரியாத செய்தியன்று. மரம் நம் தோட்டத்தில் நிற்கிறது. ரப்பரின் விலையோ உலகச் சந்தையில் முடிவாகிறது.

கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய 70 விழுக்காடு தீவனத்திற்கே போகிறது. தீவனத்தின் முக்கியப் பொருள்களான மக்காச்சோளமும் சோயாவும் பிரேசில், அர்ஜெண்டினா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. அங்கு விலை ஏறினாலும், நம் வெள்ளியின் மதிப்பு இறங்கினாலும், பண்ணையாளரின் செலவு கூடிவிடும்.

2022-ஆம் ஆண்டில் நேர்ந்தது இதுவே. உக்ரேன் போரினால் தானிய விலை உயர்ந்தது. அரசாங்கம் மூன்று வழிகளைக் கையாண்டது.

முதலாவது, உச்சவரம்பு விலை. அவ்வாண்டு ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் சாதாரணக் கோழியைக் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசுக்கு மேல் விற்கலாகாது என விதிக்கப்பட்டது.

இரண்டாவது, பண்ணையாளருக்கு மானியம்.

மூன்றாவது, ஏற்றுமதித் தடை. மாதம் 36 இலட்சம் கோழிகள் வரை வெளிநாடு செல்வது ஜூன் 1 முதல் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் சிங்கப்பூருக்கு உயிர்க்கோழி அனுப்புவது மீண்டும் தொடங்கியது.

இவற்றின் பயனோடு வரம்பையும் நாம் அறிதல் வேண்டும். உச்சவரம்பு வாங்குவோரைக் காக்கிறது. ஆனால் வளர்க்கும் செலவு அதனை மிஞ்சினால், சிறு பண்ணையாளர் அடுத்த முறை குஞ்சு இறக்கத் தயங்குவார். அப்போது விலைப்பலகையில் மலிவு இருக்கும். கடையில் கோழி இராது. அந்த இடைவெளியை மானியம் நிரப்புகிறது. மானியமோ மக்களின் வரிப்பணம். கோழிக்குரிய மானியமும் விலைக்கட்டுப்பாடும் 2023 நவம்பர் 1-இலும், முட்டைக்குரியவை 2025 ஆகஸ்டு 1-இலும் முடிவுற்றன.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்குவோம். விலைச்சீட்டு வைப்பது கடைக்காரரின் சட்டப்பூர்வமான கடமை என்பதை மறவாதிருப்போம். தோட்ட நிர்வாகம் அனுமதிக்குமாயின், வீட்டருகே நாலைந்து நாட்டுக்கோழிகள் வளர்க்கலாம். மீந்த சோறும் கீரைத்தழையும் தீவனச் செலவைக் குறைக்கும். கூடு தரையினின்றும் உயர்ந்து, ஈரமின்றி இருக்கட்டும். நோயுற்று இறந்த கோழியை உண்ணவோ விற்கவோ கூடாது. உடனே கால்நடை இலாகாவுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

உள்நாட்டிலேயே தீவனச் சோளம் பயிரிடும் முயற்சியை அரசாங்கம் மேற்கொண்டுள்ளது. பிறநாட்டுச் சோளத்தை நம்பியிருக்கும் வரையில் நம் கோழி விலை நம் கையில் இல்லை என்பதே இதற்குக் காரணமாகும்.