நிலக்கரியான காடுகளும் ஒட்டியிருந்த கண்டங்களும்



இரவானால் லயத்துக் காம்பராவில் பல்ப் எரிகிறதே, அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் இருந்து வருகிறது. 2011 இல் ஓடத் தொடங்கிய அந்த மின்நிலையம் நிலக்கரியில் ஓடுகிறது. தோண்டி எடுக்கிற அளவுக்கு நிலக்கரி நம் நாட்டில் கிடையாது. கப்பலில் வருகிறது. தென்னாபிரிக்காவிலிருந்தும் வந்திருக்கிறது. "மண்ணுக்குள்ள கிடக்கிற ஒரு மாதிரி கல்லு" என்றுதான் நம்மில் பல பேர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம். கல் இல்லைங்க, அது மரம். மனுசன் கண்ணால் பார்த்திராத மரம்.

எவ்வளவு பழைய மரம்? இலட்சம், கோடி என்று எழுதினால் மனதில் நிற்காது. அதனால் நாம் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பதுளை ஸ்டேசனில் நின்று கொழும்புப் பக்கம் திரும்பி நடக்கிறோம். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 16 சென்ரிமீற்றர் தள்ளித்தான் இருக்கும். ஒரு சாண் கூட இல்லை! நம் பாட்டன் பூட்டன் பட்ட பாடெல்லாம் அந்தச் சாணுக்குள் அடங்கிப்போகும். டைனோசர்கள் அழிந்தது 6 கோடி 60 இலட்சம் வருடத்துக்கு முன், அதாவது பட்டிப்பொல பக்கத்தில். கொழும்புக் கோட்டை வந்து சேர்ந்தால் ஏறத்தாழ 29 கோடி வருடம் ஆகிவிடும். நாம் சொல்லப்போகிற காடு அங்கேயும் இல்லை, இன்னும் தள்ளிக் கடலுக்குள்ளே இருக்கிறது. 35 கோடி 90 இலட்சம் வருடத்துக்கு முன் தொடங்கி 29 கோடி 90 இலட்சம் வருடத்துக்கு முன் முடிந்த அந்தக் காலத்துக்குக் காபனிபெரஸ் காலம், அதாவது கரி தரும் காலம் என்று பெயர். அதற்குப் பிறகு வருவது பேர்மியன் காலம். நம் ரயில் பாதையில் அது வேயாங்கொடைப் பக்கம் முடிகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பலியோசோயிக் யுகத்தின் கடைசிப் பகுதி.

அந்தக் காட்டுக்குள் போனால் முதலில் ஒரு குறை தெரியும். பூ இல்லை. புல்லும் இல்லை. தேனீ, குருவி எதுவும் இல்லை. பூக்கும் செடிகள் எல்லாம் பிற்பாடு வந்தவை. நம் தேயிலையும் அந்தப் பிந்திய குடும்பம்தான். அன்றைக்கு நின்றவை வித்திகளைத் தூவி இனம் பெருக்கும் மரங்கள். அவற்றில் பெரியது லெபிடோடெண்ட்ரன். 30 மீற்றருக்கு மேல் வளரும். அடிமரம் ஒரு மீற்றருக்கும் கூடிய பருமன். தந்திக் கம்பம் போல நேரே போய் உச்சியில் மட்டும் கிளை விடும். இலை உதிர்ந்த இடமெல்லாம் தழும்பாகி, மரப்பட்டை பாம்புத் தோல் மாதிரி இருக்கும்.

இதன் உறவுக்காரர்களை நீங்கள் தினமும் தாண்டிப் போகிறீர்கள். ஈரமான மண் திட்டிலும் ரோட்டு ஓரத்திலும் சின்னக் கிறிஸ்மஸ் மரம் போல ஒரு பச்சைச் செடி நிற்குமே, நுனியெல்லாம் கீழ் நோக்கி வளைந்து? அது லைக்கோபோடியம் கூட்டத்தைச் சேர்ந்தது. முழங்கால் உயரம் வந்தாலே பெரிசு. ஆனால் அதன் வம்சத்தில் அன்று இருந்தவை ஆகாயத்தைத் தொட்டன. ஓடைக்கரையில் குடை போல விரியும் மரப்பன்னத்தைப் பார்த்தாலும் அந்தக் காட்டின் சாயல் கொஞ்சம் தெரியும்.

சரி, இந்த மரங்கள் கரியானது எப்படி? அவை நின்றது சேற்று நிலத்தில். விழுந்த மரம் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிட்டது. தண்ணீருக்குள் ஒட்சிசன் சரியாகக் கிடைக்காததால் முழுசாக உக்கவில்லை. அந்தப் பகுதி நிலமும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே மண்ணும் மணலும் படிந்து, அதன் பாரமும் பூமியின் சூடும் சேர்ந்து அமுக்கின. உக்காத தழை பல மீற்றர் சேர்ந்தால்தான் ஒரு மீற்றர் கரி கிடைக்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சணம் அப்போது உருவாகவில்லை, அதனால்தான் இவ்வளவு கரி என்று ஒரு விளக்கம் முன்பு உண்டு. 2016 இல் வந்த ஒரு ஆய்வு அது சரியில்லை, ஈரமும் இறங்கும் நிலமும்தான் முக்கிய காரணம் என்று காட்டியது. பிரித்தானியா, ஜேர்மனி, உக்ரேன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் பெரிய கரிச் சுரங்கங்கள் இப்படிப் பிறந்தவையே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. அந்தப் பழைய இலைகளின் அச்சு, சுரங்கத்துக் கூரைக் கல்லில் அப்படியே பதிந்திருக்கும். அதை முதலில் கண்டவர்கள் படித்த பெரியவர்கள் அல்ல. குனிந்து கரி வெட்டிய கூலித் தொழிலாளிகள். பிரித்தானியாவில் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் கூட சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தார்கள். 1842 இல் வந்த சட்டம்தான் பெண்களையும் 10 வயதுக்குக் குறைந்த பையன்களையும் நிலத்துக்கு அடியில் இறக்கக் கூடாது என்று தடுத்தது.

இனி விலங்குகள். காட்டில் இவ்வளவு கரி புதைந்துபோனதால் காற்றில் ஒட்சிசன் கூடியது. இன்று 100 க்கு 21 பங்கு. அன்று 30 பங்கு அளவுக்குப் போயிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பூச்சிகள் பெருத்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். பிரான்சில் கொமான்ட்ரி என்ற ஊர்ச் சுரங்கத்தில் கிடைத்த மெகநியூரா, தும்பி மாதிரி ஒன்று. சிறகை விரித்தால் 65 சென்ரிமீற்றருக்கு மேல்.  மழைக்கு லயத்துக்குள் வருமே மரவட்டை, அதன் உறவான ஆத்ரோப்ளூரா 2 மீற்றருக்கும் மேல் நீளம். இங்கிலாந்தில் நோதம்பர்லாந்து கடற்கரையில் 2018 இல் பாறை ஒன்று விழுந்து பிளந்தபோது அதன் உடம்புத் துண்டு வெளிப்பட்டது. முழு நீளம் ஏறத்தாழ 2.6 மீற்றர், நிறை 50 கிலோ இருக்கும் என்று 2021 இல் எழுதினார்கள். நம் அளவில் சொன்னால் ஒரு மூடை சீமெந்து.

முதுகெலும்பு உள்ளவற்றில் அன்று ஆட்சி செய்தவை தவளை இனத்து ஈரூடகவாழிகள். தவளைக்கு முட்டையிடத் தண்ணீர் வேண்டும், இல்லையென்றால் முட்டை காய்ந்துவிடும். சில பிராணிகளின் முட்டைக்குள்ளேயே தண்ணீரைப் பிடித்து வைக்கும் சவ்வு உண்டாயிற்று. அதோடு அவற்றுக்குக் குளத்தை விட்டுப் போக வழி கிடைத்தது. கனடாவில் ஜொகின்ஸ் என்ற கடற்கரையில் நின்ற நிலையிலேயே கல்லாகிப்போன மரங்கள் உண்டு. அந்த மரப் பொந்துக்குள்ளிருந்து வில்லியம் டோசன் எடுத்து 1860 இல் விவரித்த ஹைலோனோமஸ், ஓணான் அளவுப் பிராணி. ஊர்வனவற்றில் மிகப் பழையது என்று வெகு காலம் அதைத்தான் சொன்னார்கள். 2025 இல் அவுஸ்திரேலியாவில் அதைவிடப் பல கோடி வருடம் பழைய நகமுள்ள காலடிச் சுவடு ஒன்றை ஆய்வாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். கோழி முட்டையை உடைக்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைப் பாருங்கள். கதை அங்கேதான் இருக்கிறது.

பிறகு காலநிலை மாறியது. 30 கோடி 50 இலட்சம் வருட அளவில் மழை குறைந்து அந்தச் சேற்றுக் காடுகள் பல இடங்களில் சிதறின. தண்ணீரை நம்பிய பெரிய மரங்கள் தளர்ந்தன. விதை உள்ள மரங்கள் முன்னுக்கு வந்தன. விதை என்பது பிள்ளைக்குச் சோறு கட்டி அனுப்பிய மாதிரி. காய்ந்த மண்ணிலும் காத்திருக்கும். பைனஸ் மரக் குடும்பத்தின் முன்னோர் அப்படி மேலேறியவர்கள்தான். பேர்மியன் காலத்தில் முதுகில் பாய்மரம் போல் விரியும் டைமெட்ரோடொன் என்ற பிராணி வாழ்ந்தது. கடையில் விற்கிற டைனோசர் பொம்மைப் பெட்டிக்குள் அதையும் போட்டு வைத்திருப்பார்கள். அது டைனோசர் அல்ல. பாலூட்டிகளான நமக்குத்தான் கிட்டிய சொந்தம்.

கண்டங்களைப் பற்றிப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். பூமியின் மேலோடு வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர், நகம் வளரும் வேகத்தில் நகருகிறது. அந்த வேகத்தில் நகர்ந்து வந்தே கண்டங்கள் மோதி, ஒன்றாகிப் பாஞ்சியா என்ற ஒரே நிலமாயின. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகள் அந்த மோதலில் எழும்பியவை. தெற்குப் பாதிக்குக் கொண்ட்வானா என்று பெயர். இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலத்திலிருந்து வந்த பெயர் அது. நம் இலங்கையும் அதற்குள்தான் இருந்தது, தென் இந்தியாவுக்கும் மடகஸ்காருக்கும் அந்தாட்டிக்காவுக்கும் பக்கத்தில். நாம் நிற்கிற மலைநாட்டுப் பாறை அப்போதே மிகப் பழசு. அது உருமாறி இறுகியது 55 கோடி வருடத்துக்கு முன்னரே.

இதற்குச் சாட்சி? குளோசொப்டெரிஸ் என்ற நாக்கு வடிவ இலை. இந்தியா, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அந்தாட்டிக்கா எல்லா இடத்திலும் அதே இலை கல்லில் கிடைக்கிறது. இவ்வளவு கடலை அதன் விதை தாண்டியிருக்காது. 1912 இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்கொட் குழுவினர் குளிரிலும் பசியிலும் இறந்தார்கள். அவர்களுடைய சறுக்கு வண்டியில் 16 கிலோ கற்கள் இருந்தன. சாகும் நிலையிலும் அவர்கள் இறக்கிவைக்காத அந்தச் சுமையில் இந்த இலையின் அச்சு இருந்தது. அதே 1912 இல்தான் ஜேர்மனியர் அல்பிரெட் வெகனர் கண்டங்கள் நகர்ந்தன என்று பேசினார். பெரியவர்கள் பலர் சிரித்தார்கள். அவர் 1930 இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார்; அவர் சொன்னதை உலகம் ஏற்றுக்கொண்டது 1960 களில். ஜாரியா, ராணிகஞ்ச் சுரங்கங்களின் கரியும் தென்னாபிரிக்காவின் கரியும் இந்தக் குளோசொப்டெரிஸ் காலத்துக் காடுகளே.

முடிவு பயங்கரமானது. 25 கோடி 20 இலட்சம் வருடத்துக்கு முன் சைபீரியாவில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு ஓடியது. இன்றும் அந்தப் பாறை 20 இலட்சம் சதுர கிலோமீற்றரில், இலங்கையைப் போல 30 மடங்கு இடத்தில், கிடக்கிறது. குழம்பு போன வழியில் பழைய கரிப் படுகைகளையும் எரித்தது. காபனீரொட்சைட்டு காற்றில் நிறைந்து, வெப்ப வலயத்துக் கடல் ஏறத்தாழ 10 பாகை சூடானது. கடல் உயிரின வகைகளில் 100 க்கு 80 முதல் 90 வரை அழிந்தன. ட்ரைலோபைட் என்ற கடல் பிராணி இனம் 27 கோடி வருடம் வாழ்ந்தது, அதுவும் அத்தோடு சரி.

இன்று அதே கரியை மனிதர் எரிக்கிறார்கள். 1958 இல் ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து இலட்சம் பங்கில் 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. 2024 இல் அது 420 ஐத் தாண்டிவிட்டது. மழை பிந்தினால் கொழுந்து குறைவதும், கொழுந்து குறைந்தால் பேர் விழாததும் உங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த அழிவுக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு கோடி வருடம் உலகத்தில் எங்கேயும் நிலக்கரி உண்டாகவில்லை. கரியாவதற்கு அப்படியான காடே இல்லை. நம் ரயில் பாதையில் அது வேயாங்கொடையிலிருந்து மலைப் பக்கமாக 10 கிலோமீற்றர்.