இரண்டு ஃபைபர், ஒரே கம்பம்

கேள்வி: பாகூரில் எங்கள் சொந்தக் கட்டடத்தில் நாலு ரேக் வைத்துச் சிறிய டேட்டா சென்டர் ஆரம்பிக்கிறேன். கிருமாம்பாக்கம், வில்லியனூர் பக்கத்துக் கம்பெனிகளின் கணக்குகளையும் ஒரு மருத்துவமனையின் பதிவுகளையும் மாத வாடகைக்கு வைத்துக்கொள்வதாகத் திட்டம். யுபிஎஸ் இரண்டு, இன்டர்நெட் இணைப்பு இரண்டு, ஜெனரேட்டர் ஒன்று வாங்கியாயிற்று. நிற்காமல் ஓட இது போதுமா? ‘டயர்-3’ என்று விளம்பரம் செய்யலாமா ஐயா?
– வாசகர், பாகூர்

பதில்: முதலில் லைன்மேன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, உங்கள் இரண்டு ஃபைபரும் எந்தக் கம்பங்கள் வழியாக வருகின்றன என்று நடந்துபோய்ப் பாருங்கள். கம்பெனி வேறாக இருந்தாலும் பெரும்பாலும் இரண்டும் ஒரே கம்பத்தில்தான் தொங்கும். லாரி ஒன்று இடித்தால் இரண்டுமே போய்விடும். ஒன்றை வில்லியனூர் பக்கமிருந்தும் மற்றதைக் கடலூர் சாலைப் பக்கமிருந்தும் கேட்டு வாங்குங்கள். அது முடியாவிட்டால் ஒன்றை ரேடியோ லிங்க்காக மாற்றிவிடுங்கள். யுபிஎஸ்ஸுக்கும் இதே கணக்குதான். இரண்டும் ஒரே பேனலில் முடிந்தால் உங்களிடம் இருப்பது ஒன்றுதான்.

உங்கள் வட்டாரத்திலேயே இதற்கு நல்ல முன்னோடி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கரண்ட்டும் டெலிபோனும் நிச்சயம் போகும் என்று முதலிலேயே முடிவுசெய்துகொண்டுதான் அதை அமைத்தார்கள். மின்சாரத்தோடு சோலாரும் சேர்ந்தது. டெலிபோன் எட்டாத இடத்தில் விஎச்எஃப் ரேடியோவில் தகவல் போனது. 2004 சுனாமி அன்று நல்லவாட்டில் மக்களை எச்சரித்தது அந்த ஊர் மையத்தின் ஒலிபெருக்கிதான். இன்றைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிறவர்களில் பலரிடம் அந்தத் தெளிவு இல்லை என்பது என் வருத்தம்.

அடுத்தது தண்ணீர். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கம்பங்களைச் சாய்த்ததையும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தபின் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்ததையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளம் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஜெனரேட்டர், மெயின் பேனல், டீசல் டேங்க், டீசல் பம்ப் நான்கும் அதற்கு மேலே இருக்க வேண்டும். பம்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் ஒரு டேட்டா சென்டரின் ஜெனரேட்டர் 17-ஆவது மாடியில் பத்திரமாக இருந்தது. பம்ப் அடித்தளத்தில் மூழ்கிவிட்டது. வாளி வாளியாக டீசலை மாடிப்படியில் சுமந்து ஓட்டினார்கள். சாலை துண்டிக்கப்பட்டால் பங்க்கிலிருந்து டீசல் வராது. மழைக்காலம் முடியும்வரை குறைந்தது மூன்று நாளுக்கு வேண்டியதைக் கையிருப்பில் வையுங்கள். டேங்க்கின் அடியில் தங்கும் நீரையும் கசடையும் அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

பராமரிப்பில் என் அனுபவம் சொல்வது இது: பெரிய இயந்திரத்தைவிடச் சின்னப் பொருள்தான் காலை வாரும். ஜெனரேட்டர் கிளம்பாததற்குப் பெரும்பாலும் காரணம் அதன் ஸ்டார்ட்டிங் பேட்டரி. மாதம் ஒருமுறை ஓட்டிப்பார்க்கிறோம் என்பார்கள். போய்ப் பார்த்தால், லோடு கொடுக்காமல் பத்து நிமிடம் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓட்டும் டீசல் இன்ஜினில் எரியாத எண்ணெய் தேங்கி, சைலென்சர் மூட்டில் கறுப்பாகக் கசியும். விரலால் தொட்டாலே தெரிந்துவிடும். மெயினை நிஜமாகவே ஆஃப் செய்து, சர்வர்களின் முழு லோடையும் ஏற்றி அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். யுபிஎஸ் பேட்டரிகள் தாங்குகின்றனவா என்பதும் அப்போதே தெரியும். ஒரு வரிசையில் ஒரு பேட்டரி செத்தாலும் அந்த வரிசையே போய்விடும். பேட்டரி அறையையும் 25 டிகிரிக்குள் வையுங்கள்; அதற்கு மேல் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

கடல் பக்கத்தில் இருப்பதால் வெளிக்காற்றை உள்ளே விடாதீர்கள். உப்பு ஈரம் சர்க்யூட் போர்டை அரிக்கும். வெளியில் இருக்கும் ஏசி யூனிட்டின் தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு அவசியம்.

மருத்துவமனைப் பதிவுகளின் ஒரு நகல் பாகூருக்கு வெளியே இருந்தே ஆக வேண்டும். 2021 மார்ச் 10-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து முழுதாக ரீஸ்டோர் செய்துபாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பிக் காசு வாங்கக் கூடாது.

‘டயர்-3’ வேண்டாம். எந்தக் கருவியையும் சர்வர் நிற்காமல் கழற்றிப் பழுதுபார்க்க முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒரே ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு அது நடக்காது. ஒப்பந்தத்தில் 99.5 சதவீதம் என்று எழுதுங்கள். ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரம் நிற்கலாம் என்பதுதான் அதன் பொருள் என்பதையும் வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டாவது ஜெனரேட்டர் வந்தபிறகு அந்த எண்ணை உயர்த்திக்கொள்ளலாம்.