பையருக்கு மெயில் எழுதும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுகிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு நீ எழுதிய மெயில்களைப் படித்துப் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தாய். படித்தேன். சுற்றி வளைக்காமல், மரியாதை குறையாமல் எழுதுகிறாய். சொற்களுக்கும் உனக்குப் பஞ்சமில்லை. தடுமாற்றமெல்லாம் பிரிபோசிஷனில்தான். 'இன்', 'ஆன்', 'டு', 'பை' போன்ற பொடிச் சொற்கள் தவறினாலும் பொருள் புரிந்துவிடும் என்று உன் மேலாளர் சொன்னதாக எழுதியிருந்தாய். பல இடங்களில் புரியும்தான். ஆனால் வேறு மாதிரிப் புரிந்துவிடும் இடங்களும் உண்டு. உன் வேலையில் அந்த இடங்களில் பணம் போகும். வங்கியில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்த்து வேலை செய்தவன் என்பதால் இதை உனக்கு அழுத்திச் சொல்கிறேன்.

நீ தினமும் எழுதும் எஃப்.ஓ.பி.யையே எடுத்துக்கொள். 'ஃப்ரீ ஆன் போர்ட்' என்பதில் அந்த 'ஆன்'தான் உயிர். தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறும்வரை அதற்கு நேரும் சேதம் உங்களைச் சேர்ந்தது, ஏறிவிட்டால் பையரைச் சேர்ந்தது. எஃப்.ஏ.எஸ். என்று இன்னொன்று உண்டு, 'ஃப்ரீ அலாங்சைடு ஷிப்'. அதில் கப்பலை ஒட்டிக் கரையில் வைத்துவிட்டாலே உங்கள் பொறுப்பு முடிந்தது. கிரேன் தூக்கும்போது பெட்டி கீழே விழுகிறது என்று வை. ஒப்பந்தத்தில் 'ஆன்' இருந்தால் நஷ்டம் உங்களுக்கு, 'அலாங்சைடு' இருந்தால் அவருக்கு. பன்னாட்டு வணிகச் சபை 1936இல் முதன்முதலில் வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் விதிகள் இவை. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு. 2010 பதிப்புக்கு முன்னால், சரக்கு கப்பலின் ஓரக் கம்பியைத் தாண்டிய நொடியிலேயே பொறுப்பு கைமாறியது. பிறகு அதை விட்டுவிட்டு, 'ஆன்' என்றால் கப்பலின் மேல் வைத்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். (கன்டெய்னர் சரக்குக்கு 'ஃப்ரீ கேரியர்' எனும் எஃப்.சி.ஏ.தான் பொருத்தம் என்பது சபையின் கருத்து. நம்மூர்க்காரர்கள் எஃப்.ஓ.பி.யை விடுவதாக இல்லை. இது தனிக்கதை, நேரில் பேசுவோம்.)

எல்.சி. எனும் 'லெட்டர் ஆஃப் கிரெடிட்' இன்னும் நுணுக்கமானது. அதற்கு வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன் மூன்றாம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படி. ஷிப்மென்ட் காலத்தைக் குறிக்கும்போது 'டு', 'அன்டில்', 'டில்', 'ஃப்ரம்', 'பிட்வீன்' வந்தால், சொல்லப்பட்ட தேதியும் கணக்கில் சேரும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' வந்தால் அந்தத் தேதி சேராது. எனவே 'அன்டில் ஜூன் 15' என்றிருந்தால் 15ஆம் தேதி கப்பலேற்றலாம். 'பிஃபோர் ஜூன் 15' என்றிருந்தால் 14ஆம் தேதியோடு கதவு மூடிவிடும். இதே 'ஃப்ரம்', பணம் வரவேண்டிய தவணை நாளைக் கணக்கிடும் இடத்தில் வந்தால் அந்தத் தேதியைச் சேர்க்காது. ஒரே சொல்லுக்கு ஒரே விதியில் இரண்டு கணக்கு! 'ஆன் ஆர் அபவுட்' என்று எழுதினால் அந்தத் தேதிக்கு முன்னால் ஐந்து நாள், பின்னால் ஐந்து நாள் என்று கொள்வார்கள். இவ்வளவையும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், இந்தச் சொற்களால் எவ்வளவு வழக்கு வந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்.

இனி உன் மெயில்களுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சாம்பிள் அனுப்புவோம் என்று சொல்ல நினைத்து 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதிவிட்டாய். வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருப்போம் என்றுதான் அவர் படிப்பார். இந்த ஒன்றில் தமிழே உனக்குத் துணை. மனத்தில் 'வரை' என்று வந்தால் 'அன்டில்', 'க்குள்' என்று வந்தால் 'பை'. அதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. 7ஆம் தேதிக்குள் என்றால் 'பை', ஏழு நாளைக்குள் என்றால் 'விதின்'. அங்கே 'இன் செவன் டேஸ்' என்று எழுதினால் ஏழாவது நாள்தான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

விலையில் 'பை', 'டு' இரண்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார். ஐந்து டாலர் சட்டையின் விலையை 'ரெட்யூஸ்டு டு ஃபோர்' என்றால் அது நான்கு டாலர். 'ரெட்யூஸ்டு பை ஃபோர்' என்றால் ஒரு டாலர். அந்த மெயிலைச் சான்றாகக் காட்டிப் பேரம் பேசத் தயங்காத பையர்களும் இருக்கிறார்கள்.

தமிழ் துணை நிற்காத இடங்கள்தான் அதிகம். 'டிஸ்கஸ் அபவுட்' என்று நீ மட்டும் எழுதவில்லை, நம்மில் பெரும்பாலோர் எழுதுகிறோம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று மனத்துக்குள் ஓடுவதால் அந்தப் 'பற்றி' ஆங்கிலத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'டிஸ்கஸ்', 'மென்ஷன்', 'எம்ஃபசைஸ்', 'அவெய்ட்', 'ரீச்' எல்லாம் செயப்படுபொருளை நேராகவே எடுத்துக்கொள்பவை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், இவற்றில் சில பெயர்ச்சொல்லாக மாறும்போது பிரிபோசிஷனைக் கேட்கும். 'டிஸ்கஷன் அபவுட்' சரி, 'டிஸ்கஸ் அபவுட்' தவறு. 'எம்ஃபசிஸ் ஆன்' சரி, 'எம்ஃபசைஸ் ஆன்' தவறு. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்' என்று எழுதலாம், 'வீ ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்' என்று எழுதக்கூடாது. எதிர்த்திசையிலும் தவறுகிறோம். 'ரிப்ளை', 'எக்ஸ்ப்ளெயின்' இரண்டிலும் ஆளைக் குறிக்கும்போது 'டு' வேண்டும். 'ரிப்ளை மீ', 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று நீ எழுதிய இடங்களில் கோடிட்டிருக்கிறேன்.

எல்லா மெயிலையும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்' என்று முடிக்கிறாய். அங்கே வரும் 'டு' பிரிபோசிஷன். அதனால் 'ஹியரிங்' என்றுதான் வர வேண்டும்.

இதற்கெல்லாம் தர்க்கம் என்ன என்று நீ கேட்பாய். சிலவற்றுக்குக் காரணம் உண்டு. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுபீரியர்' லத்தீனிலிருந்து வந்தவை, அதனால் 'தேன்' எடுக்காமல் 'டு' எடுக்கின்றன. பொதுவாகப் பார்த்தால், பழைய ஆங்கிலத்திலும் நம்மைப் போலவே பெயரின் கடைசியில் வேற்றுமை உருபுகள் ஒட்டி நின்றன. அவை காலப்போக்கில் தேய்ந்தன. அந்த வேலையின் பெரும்பகுதி தனித்து நிற்கும் இந்தச் சின்னச் சொற்களின் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றும் பத்து வேலை செய்வதால், 'ஆன்' என்றால் மேலே, 'இன்' என்றால் உள்ளே என்ற சூத்திரம் பாதி வழியில் கைவிட்டுவிடும். காரில் போனால் 'இன்', பஸ்ஸில் போனால் 'ஆன்'. காலையில் என்றால் 'இன்', இரவில் என்றால் 'அட்'. தனியாகப் பிரிபோசிஷன் பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. முன்னால் நிற்கும் சொல்லோடு சேர்த்துப் பழகு. 'டிபெண்ட்' என்று தனியாக உன் மனத்தில் இருக்கக் கூடாது, 'டிபெண்ட் ஆன்' என்றே இருக்க வேண்டும்.

அதற்கு நல்ல அகராதி வேண்டும். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது, அயல்மொழிக்காரர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, இன்னும் இருவரோடு சேர்ந்து உருவாக்கிய அகராதிதான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஆனது. ஆங்கிலேயருக்காகச் செய்த அகராதியில் பொருள் கிடைக்கும். இதில் எந்த வினையோடு எது வரும் என்பதும் எடுத்துக்காட்டோடு கிடைக்கும். உன் அலுவலக மேசையில் ஒன்று இருக்கட்டும்.

ஒன்றுக்கு மட்டும் பயப்படாதே. வாக்கியத்தைப் பிரிபோசிஷனில் முடிக்கக்கூடாது என்று உன் மேலாளர் திருத்தியிருக்கிறார். 1672இல் கவிஞர் டிரைடன், பென் ஜான்சனின் எழுத்தில் அதைக் குறையாகச் சொன்னார். பள்ளிக்கூடங்கள் பிடித்துக்கொண்டன. 1926இல் ஃபௌலர், ஆங்கில மொழிவழக்கு பற்றிய தன் நூலில் அதை மூடநம்பிக்கை என்றே ஒதுக்கிவிட்டார். 'ஹூ ஷுட் வீ சென்ட் இட் டு' என்று நீ கேட்டதில் பிழையே இல்லை. மேலாளரோடு இதற்காக வாதாட வேண்டாம், ஆனால் தவறு செய்துவிட்டோம் என்று மனம் சுருங்கவும் வேண்டாம்.

மெயில்களைத் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது, முடிந்துபோன பழைய எல்.சி. ஒன்றின் நகலை உன் நிறுவனம் அனுமதித்தால் கொண்டு வா. ஷிப்மென்ட் தேதி வரும் வரிகளைச் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா