எழுத்துக் கட்டமும் வரிக் கணக்கும்

ஊராட்சி அலுவலகங்களுக்குக் கணிப்பொறி வந்து பல ஆண்டுகள் ஆயின. எனினும், பிறர் எழுதித் தந்த நிரல்களையே நாம் பெரும்பாலும் இயக்கி வருகிறோம். சிறு கணக்குகளுக்கு நாமே நிரல் எழுதிக்கொள்வது இயலாத காரியமன்று. பைத்தான் மொழி விலையின்றிக் கிடைக்கிறது. திரையில் ஜன்னல் அமைக்க உதவும் டிகின்டர் என்னும் கருவித் தொகுப்பும் அநேகமாக அதனுடனேயே வருகிறது. டிசிஎல் மொழியை 1988-இல் தொடங்கிய ஜான் ஔஸ்டர்ஹவுட் என்பார் ஆக்கிய டிகே தொகுப்பே இதற்கு அடிப்படை.

இதிலுள்ள உறுப்புகளுள் மிக எளியது 'என்ட்ரி'. அதாவது ஒரு வரி எழுதும் கட்டம். முதலில் ஜன்னலை உண்டாக்க வேண்டும். அதனுள் கட்டத்தை உண்டாக்கி ஒரு பெயரிட வேண்டும். பின்னர், தனி வரியில், 'பேக்' என்னும் கட்டளையால் அதனை ஜன்னலில் பொருத்த வேண்டும். பொருத்தாவிடில் கட்டம் கண்ணுக்குத் தெரியாது. உண்டாக்குவதையும் பொருத்துவதையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், கட்டம் தெரியும். ஆனால் நாம் இட்ட பெயரில் ஒன்றும் இராது. ஒரு பொத்தானும், விடை காட்ட ஒரு 'லேபிளும்' சேர்த்து, இறுதியில் 'மெயின்லூப்' எழுதினால் ஜன்னல் நமக்காகக் காத்து நிற்கும். கட்டத்தில் எழுதியதைப் பெறுவதற்கு 'கெட்' என்னும் கட்டளை உண்டு.

இங்கேதான் நாம் தவறினோம். ஓர் ஊராட்சிக்கு நாம் எழுதிக் கொடுத்த நிரலில் குடிநீர்க் கட்டணம் 360, நிலுவை 60 என்று இட்டபோது, கூடுதல் 36060 என வந்தது. அச்சான கேட்புச் சீட்டுடன் ஒரு மூதாட்டி நடுங்கியவாறு நம் அலுவலகத்திற்கு வந்தார். 'கெட்' தருவது எண்ணன்று, எழுத்து. எழுத்துக்களைக் கூட்டினால் அவை ஒட்டிக்கொள்ளும். 'இன்ட்' என்பதால் எண்ணாக மாற்றிய பின்னரே கூட்ட வேண்டும்.

அதிலும் ஓர் ஆபத்து உண்டு. கட்டம் வெறுமையாக இருந்தாலும், 1,200 எனக் காற்புள்ளியுடன் எழுதினாலும் 'இன்ட்' ஏற்காது. ஜன்னலில் எவ்வித அறிவிப்பும் தோன்றாது. முன்னவருக்குக் காட்டிய தொகையே நிற்கும். அதையே அடுத்தவரிடம் வசூலித்துவிடக் கூடும். எனவே பொத்தானை அழுத்தியவுடன் பழைய விடையை முதலில் அழிக்கவும், பிழை நேர்ந்தால் 'தொகையைச் சரிபார்க்கவும்' என்று காட்டவும் நிரலில் வகை செய்தோம். மூதாட்டிக்கு 420 ரூபாய்க்கான புதிய சீட்டை அன்றே கொடுத்தனுப்பினோம்.