தாத்தா படத்தில் நிற்கும் கார் எது?
(பழைய புகைப்படத்தை வைத்து வண்டியைக் கண்டுபிடிக்கும் வழி)



நம்மில் பலர் வீட்டுச் சுவரில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கட்டாயம் தொங்கும். அதில் ஒரு கார் நிற்கும். பக்கத்தில் யாராவது கைகட்டி நிற்பார்கள். "இது என்ன வண்டி?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். யார் சொல்வது சரி என்று எப்படித் தெரிந்து கொள்வது? முதலாமாண்டில் படித்த என்ஜினியரிங் டிராயிங்கே இதற்குப் போதும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு எங்கள் வீட்டுப் படத்தையே எடுத்துக் கொள்கிறேன். புளியமரச் சாலையில் ஒரு கார். தாத்தா அதன் பின் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார். அவர் ஒரு மிராசுதாரிடம் டிரைவராக இருந்தவர். "அது அமெரிக்கா வண்டி கண்ணு. உங்க தாத்தாவைத் தவிர யாரும் தொட முடியாது" என்பது பாட்டியின் வாக்கு. மாமா "ஸ்டூடிபேக்கர்" என்கிறார். செல்போனில் படம் பிடித்துத் தேடினால் "பிளிமத்" என்று வருகிறது. மூன்று பேர் சொன்னதும் அமெரிக்கா. ஆனால் மூன்று பேரும் பார்த்தது காரின் முகத்தை மட்டும்தான்!

முதல் படி: படம் நேரா, தலைகீழா?

நெகட்டிவை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பிரிண்ட் எடுப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். அப்படி நடந்திருந்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் போய்விடும். உடனே "ஆகா, இறக்குமதி வண்டி" என்று ஏமாந்து போவோம். நம்பர் பிளேட் எழுத்தைப் பாருங்கள். அது தெரியாவிட்டால் படத்தில் இருப்பவரின் சட்டைப் பையைப் பாருங்கள். பை இட மார்பில் இருந்தால் படம் நேர். எங்கள் படத்தில் பை இடப்பக்கம், ஸ்டியரிங் வலப்பக்கம். ஆனால் இதை வைத்தே அமெரிக்க வண்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் கம்பெனிகள் வலப்பக்க ஸ்டியரிங் வைத்தும் கார்களை அனுப்பின. பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்தே பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்றது.

இரண்டாம் படி: காலம்

படத்தின் பின்புறம் மசியில் "பென்னாகரம், சேலம் ஜில்லா" என்று எழுதியிருக்கிறது. தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 2.10.1965-ல். ஆகவே படம் அதற்கு முந்தையது என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஜில்லா பிரிந்த பிறகும் பழைய பெயரையே எழுதியவர்கள் உண்டு. நம்பர் பிளேட்டில் 'எம்' என்ற முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. சென்னை ராஜதானி காலத்து எழுத்து அது. இரண்டும் சேர்ந்து 1965-க்கு முன் என்ற பக்கம் சாய்கின்றன, அவ்வளவுதான். இன்னொன்று: படம் எடுத்த வருஷம் வேறு, கார் செய்த வருஷம் வேறு. பத்து வருஷப் பழைய காரை வாங்கி, கழுவி, மாலை போட்டுப் படம் எடுப்பதும் நம் ஊர் வழக்கம்தானே!

மூன்றாம் படி: அளவு

இதுதான் முக்கியம். படத்தில் காரின் நீளம் எத்தனை அடி என்று தெரியாது. ஆனால் விகிதம் தெரியும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை உள்ள தூரம்தான் வீல்பேஸ். அதை டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும்.

கார் கொஞ்சம் சாய்வாக நின்றால்? அப்போது வீல்பேஸ் சுருங்கித் தெரியும். வட்டமான சக்கரமும் நீள்வட்டமாகத் தெரியும். ஒரே திசையில் உள்ள நீளங்கள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் சுருங்கும். ஆகவே சக்கரத்தின் உயரத்தை எடுக்காமல் கிடைமட்ட அகலத்தை எடுங்கள். அருகில் உள்ள சக்கரம் பெரிதாகத் தெரியும் என்பதால் இரண்டு சக்கரத்தையும் அளந்து சராசரி போடுங்கள். முன் சக்கரம் திரும்பியிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

எங்கள் படத்தில் மையத்துக்கு மையம் 61 மி.மீ. சக்கர அகலம் 18, 17, சராசரி 17.5. வகுத்தால் சுமார் 3.5.

இப்போது சந்தேகப்பட்ட வண்டிகளைப் பார்ப்போம். டயர் விட்டம் 26 முதல் 28 அங்குலம் என்று கொண்டால்:

பிளிமத் (1949-50), வீல்பேஸ் 118.5 அங்குலம்: 4.3 அளவு.
ஸ்டூடிபேக்கர் சாம்பியன் (1947-49), 112 அங்குலம்: 4.2 அளவு.
ஹென்றி ஜே (1951-54), 100 அங்குலம்: 3.8 அளவு.
அம்பாசடர், 97 அங்குலம்: 3.7 அளவு.
ஸ்டாண்டர்டு வான்கார்டு, 94 அங்குலம்: 3.5 அளவு.

ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் நம் விடை 3.3 முதல் 3.7 வரை போகும். அதனால் 3.5 வந்துவிட்டது, வான்கார்டுதான் என்று குதிக்கக் கூடாது. ஆனால் பிசகு எவ்வளவு இருந்தாலும் 4.2-ஐத் தொடாது. பிளிமத்தும் ஸ்டூடிபேக்கரும் அவுட். மாமாவும் செல்போனும் தோற்றார்கள்.

நான்காம் படி: ஒத்துப்போகாத ஒன்றைத் தேடு

மீதி மூன்று. இதில் அமெரிக்காக்காரன் ஹென்றி ஜே மட்டும். அமெரிக்காவில் சின்ன கார் செய்து பார்த்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. முதுகும் சரிவாக இருக்கும், நம் படத்தோடு ஒத்துப் போகும். ஆனால் ஹென்றி ஜே இரண்டு கதவு மாடலாக மட்டுமே வந்தது. தாத்தா பிடித்துக் கொண்டிருப்பது பின் கதவு! பத்து அடையாளம் ஒத்துப்போனாலும், ஒத்தே போகாத ஒன்று இருந்தால் அந்த வண்டி இல்லை. ஹென்றி ஜே அவுட்.

அம்பாசடருக்குத் தனியாக டிக்கி நீட்டிக் கொண்டிருக்கும். நம் காரின் முதுகோ கூரையிலிருந்து பம்பர் வரை வழிந்து இறங்குகிறது. அதுவும் அவுட். நான்கு கதவு, சரிந்த முதுகு, குட்டை வீல்பேஸ் மூன்றும் சேர்வது ஸ்டாண்டர்டு வான்கார்டில்தான். 1953-ல் அதற்கும் தனி டிக்கி வந்துவிட்டதால், நம் வண்டி அதற்கு முந்தைய மாடல்.

அப்படியானால் அமெரிக்க முகம் எப்படி வந்தது?

வான்கார்டு இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரக் கம்பெனியின் வண்டி; 1947-ல் அறிவிக்கப்பட்டது. அதை வரைந்த வால்டர் பெல்குரோவ், லண்டன் அமெரிக்கத் தூதரக வாசலில் நின்ற கார்களைப் பார்த்து வரைந்தார் என்று சொல்லப்படுகிறது. முக்கியமாகப் பிளிமத்! செல்போன் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது பாருங்கள்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. இதன் என்ஜின் நான்கு சிலிண்டர், போர் 85 மி.மீ., ஸ்ட்ரோக் 92 மி.மீ. கணக்குப் போட்டால் 2088 சி.சி. வரும். வெட் லைனர் உள்ள இதே குடும்ப என்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. மேலே சீமை அழகு, உள்ளே உழவு மாட்டுப் பலம்!

இந்த வண்டியை நம் நாட்டில் பூட்டி வெளியே விட்டது எங்கே தெரியுமா? சென்னையில்! 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. பிறகு 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்ததும் இதே கம்பெனிதான்.

பாட்டியிடம் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. அறுபது வருஷப் பெருமையை ஒரு ஸ்கேலை வைத்து உடைப்பதா? மெதுவாக, "அமெரிக்கா இல்ல பாட்டி. இங்கிலாந்து மாடல், மெட்ராஸ்ல பூட்டினது" என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "மெட்ராஸா? அதான் வண்டி ரிப்பேர்னா ராத்திரியோட ராத்திரியா மொரப்பூர் போய் ரயிலேறுவாரு. சாமான் அங்கதான் கிடைக்கும்பாரு. எனக்கு வளையல்கூட அங்கிருந்துதான் வாங்கியாந்தாரு" என்றார்.

இத்தனை வருஷமாக அந்த ரயில் பயணத்தைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை. வண்டியின் பெயரைத் தேடப் போன எனக்குத் தாத்தாவின் ஒரு பக்கம் கிடைத்தது. இது சாட்சிதான், நிரூபணம் ஆகாது. நிரூபணம் அந்தப் பின் கதவும் 3.5-ம்தான். ஆனாலும் சாட்சி ஒத்துப் போனதில் எனக்கு சந்தோஷம்.

நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தையும் படியுங்கள். முதலில் அளவெடுங்கள், அப்புறம் பெயர் வையுங்கள். அளந்து முடித்ததும், படத்தில் நிற்பவரைப் பற்றிப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டு விடுங்கள்.

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்