பழைய தீயணைப்பு நிலையம்

இலண்டன் மாநகரின் நடுவிடத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவில் வெஸ்ட் நார்வுட் என்னும் புறநகர்ப் பகுதி உள்ளது. அங்கே செங்கல்லாற் கட்டப்பெற்றுக் கோபுரத்தோடு விளங்கும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. அதனைப் புதிதாகக் காண்போர், 'இது சிறியதொரு தேவாலயமோ!' என ஐயுறுதல் கூடும். மாலை வேளையில் அதனுள் செல்வோரோ நாடகம் காணச் செல்கின்றனர். ஆயினும், அது வழிபாட்டுக்கென்றோ கூத்துக்கென்றோ எழுந்ததன்று; தீயணைக்கும் வீரர்க்கும் அவர்தம் குதிரைகளுக்கும் உறைவிடமாக 1881-ஆம் ஆண்டில் கட்டப்பெற்றதாகும். தான் பிறந்த தொழிலை இழந்த ஒரு கட்டடம், அதன் பின்னும் நூறாண்டுக்கு மேல் எவ்வாறு நிலைபெற்றது என்பதனை இப்பாடத்திற் காண்போம்.

1666-ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. அதன் பின்னர்த் தோன்றிய காப்பீட்டு நிறுவனங்கள், தமக்கு நேரும் இழப்பைக் குறைக்கும்பொருட்டுத் தாமே தீயணைப்புக் குழுக்களை வைத்துக்கொண்டன. தம்மிடம் காப்பீடு செய்த வீடுகளின் சுவரில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சின்னம் பொறித்த உலோகத் தகட்டைப் பதித்தது. 1833-இல் இக்குழுக்களிற் பல ஒன்றாயின. எடின்பரோ நகரினரான ஜேம்ஸ் பிரெய்டுவுட் என்பார் அதற்குத் தலைவரானார். 1861-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், தேம்ஸ் ஆற்றங்கரையில் டூலி தெருவை அடுத்த பண்டகசாலைகளில் தீப்பற்றியது. சணலும் பருத்தியும் கொழுப்பும் நிறைந்த அவ்விடத்தில் எழுந்த தீ முற்றும் அவியப் பல நாட்கள் ஆயின. களைத்து நின்ற தம் வீரர்களை ஊக்குவித்துக்கொண்டிருந்த பிரெய்டுவுட்டின்மேல் சுவர் இடிந்து வீழ, அவர் அங்கேயே உயிர் துறந்தார். இழப்பைத் தாங்க இயலாத நிறுவனங்கள், இனி இப்பொறுப்பை அரசே ஏற்றல் வேண்டும் என்றன. 1865-இல் சட்டம் இயற்றப்பெற்று, 1866-இல் இலண்டன் மாநகரத் தீயணைப்புப் படை பொதுப்பணியாகத் தொடங்கிற்று. உயிர்களையும் உடைமைகளையும் காத்தல் வணிகரின் வேலையன்று, ஊரின் கடமை என்பது தெளிவாவதற்கு ஒரு பெருந்தீயும் ஒரு நல்லவரின் உயிரும் வேண்டியிருந்தன!

புதிய படைக்குத் தலைவராக அமர்ந்தவர் கேப்டன் ஷா என்பவர். அவர் கப்பலில் பணியாற்றியவர்களையே பெரிதும் விரும்பிச் சேர்த்துக்கொண்டார். உயரத்தில் ஏறுதல், கயிற்றைக் கையாளுதல், இரவும் பகலும் முறைவைத்து விழித்திருத்தல், கட்டளைக்குப் பணிதல் ஆகிய யாவும் மாலுமிக்கு இயல்பாதலின், அவர் செய்தது பொருத்தமே. வீரர்கள் தம் மனைவி மக்களோடு நிலையத்திலேயே குடியிருந்தனர்.

இந்நிலையில், இருப்புப் பாதையின் வரவால் நகரம் தெற்கு நோக்கிப் பரவியது. 1854-இல், அண்மையிலுள்ள குன்றின்மேல் பளிங்கு மாளிகை எனப் பெயர்பெற்ற கண்ணாடிக் கட்டடம் மீண்டும் அமைக்கப்பெற்றது. மக்கள் அப்பகுதியை நாடி வரத் தொடங்கினர். அக்காலத்தில் லோயர் நார்வுட் என வழங்கிய ஊரில் வீடுகள் நெருங்கின. வீடு பெருகிய இடத்தில் தீயின் அச்சமும் பெருகுமன்றோ? தீயணைக்கும் நீராவிப் பொறியோ பெருஞ்சுமை உடையது. அதனை இழுத்து ஓடும் குதிரைகள் சிறிது தொலைவு மட்டுமே முழு விரைவோடு செல்ல வல்லன. ஆதலின், நகரின் நடுவிலிருந்து புறநகருக்கு வண்டி விடுதல் பயனற்றதாயிற்று. ஆங்காங்கே சிறு நிலையங்கள் அமைத்தல் இன்றியமையாததாயிற்று. குதிரையின் மூச்சே நிலையங்களின் இடைவெளியை அளந்தது எனலாம். இங்ஙனம் எழுந்தவற்றுள் ஒன்றே நார்வுட் நிலையம். அதனை வரைந்தவர் இராபர்ட் பியர்சால் என்னும் கட்டடக் கலைஞர். இக்காலத்தவராயின் நான்கு சுவரும் ஒரு கூரையும் போதும் என்று விட்டிருப்பர். அவரோ, தீயணைப்பு நிலையமும் ஊருக்கு அணியாய் விளங்குதல் வேண்டும் எனக் கருதிக் கோதிக் பாணியில் அதனை அமைத்தார். அத்தகைய நிலையங்களின் கோபுரங்கள் வெற்றழகுக்கு எழுந்தவை அல்ல. தொலைவில் எழும் புகையைக் காணவும், நனைந்த நீர்க்குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தவும் அவை பயன்பட்டன.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மோட்டார் வண்டி வந்தது. குதிரை ஓடிய நேரத்தில் அது பன்மடங்கு தொலைவு ஓடிற்று. ஒரு நிலையமே பல ஊர்களைக் காக்க வல்லதாயிற்று. குதிரைக்கெனக் கட்டிய கூடங்களோ புதிய வண்டிகளுக்கு ஏற்றனவாய் இல்லை. ஆகவே, அந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேயே நார்வுட் நிலையம் தன் பணியினின்றும் நீங்கியது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவில் பளிங்கு மாளிகை எரிந்து அழிந்தபோது, அதனை அணைக்க இந்நிலையத்திலிருந்து வண்டி எதுவும் புறப்படவில்லை.

தொழிலிழந்த கட்டடம் பின்னர்ச் செயின்ட் லூக் தேவாலயத்தின் பொதுக்கூடமாயிற்று. இதனைப் பற்றிப் பெரிதாகச் சொல்லுதற்கு ஒன்றுமில்லை. எனினும் இவ்வெளிய பயனை இகழ்தல் ஆகாது. ஆளில்லாத வீட்டில் ஓடு பெயர்ந்தால் அறிவார் இல்லை, மழைநீர் இறங்கும், உத்திரம் உளுக்கும், பின்னர் 'இடித்தலே தக்கது' என்பார் பலராவர். விளக்கேற்றிப் பெருக்கிக் கூடிப் பேச நாலுபேர் வந்தமையாலேயே அக்கட்டடம் அடுத்த நல்வாய்ப்பு வரும்வரை பிழைத்திருந்தது.

அவ்வாய்ப்பு 1967-இல் வந்தது. அவ்வாண்டில் தோன்றிய தென் இலண்டன் நாடகக் குழு அக்கட்டடத்தில் அரங்கமைத்தது. ஈண்டு ஒரு வியப்பைச் சுட்டுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீயணைப்பு வீரர் பெரிதும் அஞ்சிய இடங்களுள் நாடகக் கொட்டகையும் ஒன்று. திரைச்சீலையும் மரச்சட்டமும் எரிவாயு விளக்கும் ஓரிடத்தே நெருங்கியிருந்தன. மக்களோ நூற்றுக்கணக்கில் நிறைந்திருந்தனர். கேப்டன் ஷா 1876-இலேயே நாடக அரங்குகளில் நேரும் தீ விபத்தைப் பற்றித் தனி நூல் எழுதி எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை போதிய அளவு செவிக்கொள்ளப்படவில்லை. 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், எக்சிடர் நகரில், திறந்து ஓராண்டும் நிறையாத புதிய நாடக அரங்கு நாடகத்தின் நடுவே தீப்பற்றி எரிந்தது. 186 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார், போதிய வெளிவழி இல்லாத மேல்மாடத்தில் குறைந்த கட்டணத்திற்கு அமர்ந்திருந்த எளியவர்கள். விளக்கை மாற்றினால் தீமை குறையும் என்பதற்கும் அக்காலத்திலேயே சான்று இருந்தது. நார்வுட் நிலையம் எழுந்த அதே 1881-இல், இலண்டனில் சவாய் அரங்கு மின்விளக்கொளியோடு திறக்கப்பெற்றது. மறு ஆண்டில் அவ்வரங்கில் நிகழ்ந்த இசைநாடகம் ஒன்றில், பார்வையாளரிடையே வீற்றிருந்த கேப்டன் ஷாவின் பெயரையே விளித்துப் பாடினர் என்பர். அவர்தம் படையின் நிலையம் ஒன்று பிற்காலத்தில் தானே நாடக அரங்காகும் என்பதை அன்று அவர் கனவிலும் கருதியிரார்.

இக்கட்டடம் வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் சேர்க்கப்பெற்றுள்ளது. ஆகவே, இசைவின்றி அதனை இடித்தலோ உருமாற்றுதலோ இயலாது. எனினும், பட்டியலில் இடம்பெற்ற மாத்திரத்தால் கூரை ஒழுகாமல் நின்றுவிடுவதில்லை. சட்டம் இடிப்பவர் கையைத் தடுக்கும். பழுதுபார்க்கும் கையைத் தருவதன்று. 1881-இன் உருவம் கெடாமலும், இக்காலத்தார்க்கு வேண்டிய வசதி குறையாமலும் அதனைச் செப்பனிடுதல் எளிய வேலையாகாது. அப்பணிக்கெனச் சில காலம் கட்டடம் மூடப்பெற்றது. நாடகக் குழுவினர் அதுவரை பிற இடங்களில் நடித்து வந்தனர். பணி முடிந்து 2018-இல் அரங்கு மீண்டும் திறக்கப்பெற்றது. அதனை நடத்துவோர் ஊதியம் கருதாத ஊர்மக்களே. நடிப்போர், காட்சி அமைப்போர், விளக்கிடுவோர், வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்குவோர் எனப் பலரும், முன்பு குதிரைகள் பூட்டப்பெற்று நின்ற அக்கட்டடத்தில் மாலைதோறும் கூடுகின்றனர்.