இரண்டு காப்பி இருந்தும் ஏன் போனது?

2015 நவம்பர் மழையில் கடலூரில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரும், அதன் பக்கத்திலேயே வைத்திருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கின. மகளின் சிறுவயதுப் படங்கள் அத்தனையும் போயின. இரண்டு காப்பி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். என் கணக்கு எங்கே தவறியது?

ஒரு டிஸ்க் ஓராண்டில் தானாகக் கெட்டுப்போகும் நிகழ்தகவு, உதாரணத்துக்கு, 0.05 என்று வைத்துக்கொள்வோம். எக்செல்லில் ஏதாவது ஒரு செல்லில் கீழ்க்கண்டவாறு டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

=0.05*0.05

விடை 0.0025. அதாவது 400-ல் ஒன்று. ஆனால் இப்படிப் பெருக்க, இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகளாக இருக்க வேண்டும். ஒன்று கெடுவதற்கும் மற்றது கெடுவதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது.

வெள்ளம் வந்தால்? அந்த நிபந்தனையில் இரண்டும் கெடும் நிகழ்தகவு ஏறக்குறைய 1. இதுதான் நிபந்தனை நிகழ்தகவு. ஓராண்டில் வெள்ளம் வர 0.02, வராமலிருக்க 0.98 என வைத்து டைப் செய்யுங்கள்.

=0.02*1+0.98*0.0025

விடை 0.02245. முன்பைவிட ஏறக்குறைய 9 மடங்கு!

இப்போது ஒரு காப்பி சிதம்பரத்தில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறது. ஆனாலும் அதே மாவட்டம்தான். 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. அதனால் மூன்றாவது காப்பியை இன்டர்நெட்டில் சேமித்துள்ளேன்.

உங்கள் காப்பிகள் ஒரே மேஜையில் இருக்கின்றனவா? இன்றே ஒன்றை இடம் மாற்றுங்கள்.